ஒரு மாதச் சம்பளம் கொடுத்தால் போதுமா?

சிப்பந்தி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிய நிலை எந்த வியாபாரிக்கும் ஒரு நாள் வரத்தான் செய்யும். அப்போது நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். இரவு கல்லாக் கணக்கை முடித்ததும் ஆளைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பி விடுகிறோம். அதோடு சட்டப்படி எல்லாம் முடிந்தது என்பது கடைவீதியில் ஊறிப்போன எண்ணம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால்தான் தொழிலாளர் துறை அலுவலகத்தின் படியேற வேண்டி வருகிறது.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவைத்தான் சொல்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதனால் பழைய சட்டங்கள் எல்லாமே போய்விட்டன என்று சில அன்பர்கள் நினைக்கிறார்கள். அத்தொகுப்புகளுக்குள் போனவை 29 மத்தியச் சட்டங்கள். நம் கடைச் சட்டம் மாநிலச் சட்டம். அது அவற்றில் சேரவில்லை.

41-ஆவது பிரிவு சொல்வது இது. ஒருவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் நம்மிடம் வேலை பார்த்திருந்தால், நியாயமான காரணம் இல்லாமல் அவரை நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். கவனியுங்கள். காரணமும் வேண்டும், அறிவிப்பும் வேண்டும். ஒரு மாதச் சம்பளம் அறிவிப்புக்குத்தான் ஈடு, காரணத்துக்கு ஈடு அல்ல.

வேலையிழந்தவர் சட்டத்தில் குறிப்பிட்டுள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். என்னை நிறுத்த நியாயமான காரணம் இல்லை என்றோ, சொல்லப்பட்ட குற்றத்தை நான் செய்யவில்லை என்றோ அவர் முறையிடலாம். அங்கே "ஒரு மாதச் சம்பளம் கொடுத்தேனே" என்ற பதில் பாதி வழிகூடப் போகாது.

நியாயமான காரணம் என்றால் என்ன? வியாபாரம் சுருங்கிவிட்டது, கிளைக் கடையை மூடுகிறோம் என்பவை காரணங்கள்தான். ஆனால் அதைக் காட்டக் கணக்கு இருக்க வேண்டும். வியாபாரம் இல்லை என்று ஒருவரை அனுப்பிவிட்டு அடுத்த வாரமே அதே வேலைக்குப் புது ஆளைச் சேர்த்தால் யார் நம்புவார்கள்?

கையாடல், சரக்குத் திருட்டு போன்ற குற்றம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் விசாரணை வைத்து, அதில் பதிவான சாட்சியத்தால் குற்றம் தெளிவாக வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கல்லாவில் பணம் குறைகிறது, கோபம் வருகிறது, நாலு பேர் எதிரில் சத்தம் போட்டு அனுப்பி விடுகிறோம். எழுத்தில் ஒரு வரியும் இருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதிகாரி கேட்கும்போது எந்தத் தேதியில் எவ்வளவு குறைந்தது என்று நமக்கே நினைவிருக்காது.

இதைச் செய்ய வக்கீல் ஃபீஸ் கொட்ட வேண்டியதில்லை. தேதி, தொகை, சரக்கின் பெயர், எடை ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு குற்றச்சாட்டுக் கடிதம் கொடுங்கள். பதில் எழுத நியாயமான அவகாசம் கொடுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் ஒரு நாள் குறித்து விசாரணை வையுங்கள். புகார் சொல்பவரே விசாரிப்பவராகவும் இருந்தால் நிற்காது. ஆகவே கடைக்குத் தொடர்பில்லாத, நாலும் தெரிந்த ஒருவரை விசாரிக்கச் சொல்வது நல்லது. சாட்சி சொல்பவரைச் சிப்பந்தி குறுக்குக் கேள்வி கேட்கட்டும். அவர் தரப்பு சாட்சியையும் கேளுங்கள். எல்லாவற்றையும் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பையன் எடுக்கவில்லை என்று தெரிய வந்தால் அதுவும் லாபம்தான். இருபது வருடம் நம் கடையில் நின்றவர் மீது தவறான திருட்டுப் பட்டம் விழுந்தால் அடுத்த கடையில் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

சேரும்போதே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. அதைக் காப்பு என்று நம்ப வேண்டாம். அது வெளியே வந்தால் நம் மற்ற உண்மையான ரிக்கார்டுகளையும் சந்தேகப்பட வைக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்றால் "தானே நின்று கொண்டார்" என்று விட்டுவிடாதீர்கள். வேலைக்குத் திரும்பும்படி அவருடைய ஊர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, ரசீதை பைலில் வையுங்கள்.

உறவினர் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. முதலாளியோடு வசித்து அவரைச் சார்ந்திருக்கும் கணவன், மனைவி, மகன், மகள், தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரைத்தான் சட்டம் சிப்பந்தி என்ற கணக்கிலிருந்து விலக்குகிறது. மச்சான் அந்தப் பட்டியலில் இல்லை! அவரும் சட்டத்தின் கண்ணில் சிப்பந்திதான். நிர்வாகப் பொறுப்பில் உள்ளவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்றாலும், கணக்கப்பிள்ளைக்கு "மேனேஜர்" என்று பெயர் சூட்டினால் மட்டும் அவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். அவர் செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள்.

இனி பணக் கணக்கு. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நிறுத்தப்பட்டவருக்கும் தானாக விலகியவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாதம் வந்து வாங்கிக்கோ" என்பது இனிச் செல்லாது.

பெரிய தொகை கிராஜுவிட்டி. கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் 10 பேர் வேலை பார்த்த கடைக்கு அது பொருந்தும். தீபாவளி சீசனுக்கு நாலு பேரைக் கூடுதலாக நிறுத்தி 10 ஆகிவிட்டால் அதுவும் கணக்கில் வரும். பிறகு ஆள் குறைந்தாலும் பொறுப்பு போகாது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள். கணக்கில் வரும் சம்பளம் மாதம் ரூ.15,600 என்றால் ஒரு நாளுக்கு ரூ.600, ஒரு வருடத்துக்கு ரூ.9,000. இருபது வருடம் நின்றவருக்கு ரூ.1,80,000. இதை ஒரே நாளில் கல்லாவிலிருந்து எடுக்க எந்த மளிகைக் கடையாலும் முடியாது. வருடா வருடம் கணக்கு முடிக்கும்போது ஒவ்வொருவர் பேரிலும் பேரேட்டில் ஒரு தொகையை ஒதுக்கி, தனியாக பாங்கில் போட்டு வருவதுதான் வழி. இந்த வருடக் கணக்கிலேயே அதைத் தொடங்கலாம்.