எயிட்ஸ்: சட்டம் செய்தவர்களும் இரத்தம் கொடுத்தவர்களும்

கடந்த இதழில் புலம்பெயர் வாழ்வின் ஒழுக்கச் சீரழிவு பற்றி எழுதிய நண்பர், எயிட்ஸ் நோயை மேற்குலகின் கட்டற்ற வாழ்வுக்குக் கிடைத்த கூலி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தார். அந்த ஒரு வரிக்குத்தான் இக்கட்டுரை. நண்பரோடு சண்டை பிடிப்பது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு கிருமியை ஒழுக்கத்தின் அளவுகோலாக்கிய இதே பார்வை 1980களில் மனிதருக்கு என்ன செய்தது என்பது பதிவான வரலாறு. அதில் நாம் வாழும் இந்த நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு, தமிழ்நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

முதலில் கிருமியைப் பற்றி. 1981 ஜூன் 5ஆம் திகதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்த அறிக்கையில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நியூமோனியா கண்டதாக ஒரு குறிப்பு வந்தது. ஐவரும் ஓரினப்பாலுறவாளர். அந்தத் தற்செயல்தான் இந்நோய்க்கு அவர்களின் பெயரை ஒட்டிவிட்டது. 1983இல் பரிஸ் பாஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொந்தான்யேயும் கிருமியைப் பிரித்தெடுத்தனர். 1985இல் இரத்தப் பரிசோதனை வந்தது. எச்.ஐ.வி. என்பது கிருமி; எயிட்ஸ் என்பது அக்கிருமி உடலின் எதிர்ப்புச் சக்தியை அரித்து முடித்த பின்னர் வரும் நிலை. இரண்டுக்கும் இடையில், மருந்து எடுக்காவிட்டாலும்கூட, பெரும்பாலும் பல ஆண்டுகள் ஓடும். இரத்தம், பாலுறவு, கர்ப்பமும் பிரசவமும், தாய்ப்பால் என்பவற்றால் தொற்றும். தேநீர்க் கோப்பை, மலசலகூடம், நுளம்பு, கைகுலுக்கல் எதனாலும் தொற்றாது.

அந்தப் பல ஆண்டு இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. அம்மை போட்டவரை முகத்தில் கண்டுபிடிக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர் நம்மைப்போல வேலைக்குப் போவார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார். அவருக்கே தெரியாது. ஆகவே இந்நோயைத் தடுக்க வேண்டுமாயின் அவர் தானாக வந்து கை நீட்டி இரத்தம் கொடுக்க வேண்டும். வந்தால் சிறை என்றால் எவன் வருவான்?

1983இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூசிலாந்துக்குத் திரும்பி வந்த புரூஸ் பேர்னட் என்ற இளைஞர் எழுப்பிய கேள்வியும் இதுதான். அவருக்கே நோய் இருந்தது. நாடெங்கும் போய்க் கூட்டம் வைத்தார், ஒரு ஆதரவு வலையமைப்பைக் கட்டினார். 1985 ஜூனில், முப்பதே வயதில், இறந்து போனார். அவர் தொடங்கிய வேலையிலிருந்துதான் அவ்வாண்டே அரச நிதியோடு நியூசிலாந்து எயிட்ஸ் நிறுவனம் உருவானது. இதில் விசித்திரம் ஒன்று உண்டு. அரசு எவர்களிடம் இந்த வேலையை ஒப்படைத்ததோ அவர்களில் பலர் அன்றைய சட்டப்படி குற்றவாளிகள். ஆண்களிடையேயான பாலுறவுக்கு ஏழாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

அச்சட்டத்தை நீக்கும் மசோதாவை 1985 மார்ச்சில் பிரான் வைல்ட் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தபோது நாடு இரண்டாகப் பிளந்தது. வெள்ளைக்காரர் எல்லாம் கட்டற்றவர் என்று நினைக்கும் நம்மவர் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிக்க வேண்டும். மசோதாவுக்கு எதிராக எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் என்று சொல்லிப் பெட்டி பெட்டியாகப் பாராளுமன்ற வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அன்று நாட்டின் சனத்தொகையே ஏறத்தாழ 33 இலட்சம். (அக்கையெழுத்துகளின் உண்மைத்தன்மை பற்றி அப்போதே கேள்விகள் எழுந்தன.) சட்டத்தைத் தளர்த்தினால் எயிட்ஸ் பரவும் என்றது எதிர்த்தரப்பு. சட்டம் இருக்கும்வரை ஒருவனும் பரிசோதனைக்கு வரமாட்டான் என்றது மறுதரப்பு. 1986 ஜூலை 9இல் 49க்கு 44 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. ஐந்து வாக்கு வித்தியாசம்! ஒழுக்கம் பற்றி நண்பருக்கு இருக்கும் கவலை எதுவும் அந்த 44 பேரிடம் குறைவாக இருக்கவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1987இல் போதைவஸ்து ஊசி ஏற்றுவோருக்குச் சுத்தமான ஊசி கொடுக்கச் சட்டம் வந்தது. அரச ஆதரவோடு நாடு முழுவதும் இதைச் செய்த முதல் நாடு இதுவே. இன்றும் இங்கே அவர்களிடையே எச்.ஐ.வி. ஒரு சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது. 1987இல் பாலியல் தொழிலாளர் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே சுகாதார அமைச்சு அதனுடன் ஒப்பந்தம் செய்தது. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம், உடலில் நோய்க்கிருமி இருப்பதைக் காரணம் காட்டி வேலையோ வீடோ மறுப்பதைத் தடைசெய்தது.

இதை வைத்து நியூசிலாந்தர் இளகிய மனம் கொண்டவர் என்று நான் முடிவு கட்டவில்லை. ஈவ் வான் கிராஃப்ஹோர்ஸ்ட் என்ற சிறுமியின் கதை பலருக்கு நினைவிருக்கும். அவுஸ்திரேலியாவில் 1982இல் குறைமாதத்தில் பிறந்து, ஏற்றிய இரத்தத்தால் தொற்றுக்கு உள்ளானவள். மற்றப் பிள்ளைகளைக் கடித்துவிடுவாள் என்று பயந்து 1985இல் முன்பள்ளியிலிருந்து விலக்கினார்கள். 1986இல் குடும்பம் இங்கே ஹேஸ்டிங்ஸ் நகருக்கு வந்தது. இங்கே பள்ளிக்கூடம் போனாள், ஊரார் பிள்ளையானாள், 1993இல் பதினொரு வயதில் இறந்தாள். கடலுக்கு இரு கரையிலும் ஒரே மொழி, ஒரே மதம், ஒரே நிறம். மூன்று வயதுக் குழந்தை எந்தக் கட்டற்ற வாழ்வுக்குக் கூலி வாங்கினாள் என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.

இனிச் சென்னை. எயிட்ஸ் மேற்கின் நோய், நம் மண்ணின் ஒழுக்கம் அதை அண்டவிடாது என்ற எண்ணம் அன்று இந்தியாவில் பரவலாக இருந்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சொலமன் அதை நம்பாமல், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வை ஒப்படைத்தார். 1986இன் தொடக்கத்தில், பாலியல் தொழிலுக்காகப் பிடிக்கப்பட்டு மயிலாப்பூர்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம், கையுறைகூட இல்லாமல் நிர்மலா இரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் செய்த மறுபரிசோதனை அதை உறுதிசெய்தது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். இந்தியாவின் முதற் செய்தி அது.

இரண்டு பெண்களின் துணிவைப் போற்றத்தான் வேண்டும். சுனிதி சொலமன் 1993இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையம் பிறகு ஆயிரக்கணக்கானோரைப் பராமரித்தது. ஆயினும் இரத்தம் கொடுத்த பெண்களை யோசித்துப் பார்க்கிறேன். எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். அவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இருக்கவும் கூடாதுதான், ஆனால் அவர்களின் கருத்தும் எங்கும் இல்லை. தொற்று இருப்பதாகக் கண்ட பெண்களைத் தண்டனைக்காலம் முடிந்த பின்னும் வெளியே விடாமல் வைத்திருந்த கொடுமையைப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன பிறகே, 1990இல், கதவு திறந்தது. கோவாவில் 1989இல், இரத்த தானம் செய்யப் போன டொமினிக் டிசூசா என்ற இளைஞரைப் பொலிசார் பிடித்துக் கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனையில் 64 நாட்கள் அடைத்து வைத்தனர். மாநிலத்தின் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இரத்தம் கொடுக்க வந்தவனுக்குச் சிறை என்ற செய்தியைப் படித்த பிறகு எத்தனை பேர் பரிசோதனைக்குப் போயிருப்பார்கள்?

ஒக்லாந்தில் நோயாளி சட்டம் செய்யும் மேசையில் இருந்தார். சென்னையில் நோயாளி சோதனைக் குழாயில் இருந்தாள். என் கணிப்பில் வித்தியாசம் இவ்வளவே. கலாசாரத்தைக் கொண்டு இதை விளக்க முடியாது. விளக்க முடியாது என்பதற்கு நியூசிலாந்தே பிறகு சாட்சி சொன்னது. 2005 நவம்பரில், நீண்டகாலம் தங்க வருவோர் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது, தொற்று இருந்தால் செலவு அதிகம் என்று மறுக்கலாம். ஒதுக்கீட்டில் வரும் அகதிகளில் தொற்றுள்ளவர் ஆண்டுக்கு 20 பேர் வரை என்று ஓர் எல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் குடிவரவு விதிகளைத் தொடுவதில்லை. பேர்னட்டின் தோழர்கள் மேசையில் இருந்தார்கள், வாசலுக்கு வெளியே நின்ற அந்நியன் இருக்கவில்லை. 2021 ஒக்டோபரில்தான் அந்த நோய்ப்பட்டியலிலிருந்து எச்.ஐ.வி. நீக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் படிவம் நிரப்ப என்னிடம் பலர் வந்தார்கள். கிழமை நாட்களில் பிளாஸ்ரிக் மூடி அச்சடிக்கும் இயந்திரத்தோடு நிற்பவன் என்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழைய விரிவுரையாளன். ஒரு தம்பி இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "சேர், இதில ஏதும் வந்தா எங்களைத் திருப்பி அனுப்புவாங்களோ?" என்று கேட்டார். தாங்கள் யோக்கியர், தங்களுக்கு வராது என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கேள்வியில் நண்பரின் கட்டுரையைவிட அறிவு இருந்தது. வேறொரு குடும்பம் மருத்துவமனைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் தமிழராக இருக்கவே கூடாது என்று எழுதித் தரச் சொன்னது. என்ன நோயென்று நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். எங்களுக்குள் ஒருவரும் இல்லை என்று கோயில் மண்டபத்தில் பேசிக்கொள்வோர் இந்தக் குடும்பத்தின் பயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இலங்கையர் ஒருவருக்குத் தொற்று இருப்பது முதன்முதலில் அறியப்பட்டது 1987இல்.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு நோயின் போக்கு மாறிவிட்டது. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவால் தொற்று ஏற்படாது. அவர் வழமையான ஆயுளும் வாழலாம். நியூசிலாந்து எயிட்ஸ் நிறுவனம் 2022இல் தன் பெயரைப் பேர்னட் அறக்கட்டளை என்று மாற்றிக்கொண்டது. ஒக்லாந்தில் அவர்களிடம் பரிசோதனை இலவசம்.