பல்கலைக்கழகமும் கணித ஆராய்ச்சியும்

கணிதத்தில் இனி ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் மாணவர் பலர் இவ்வினாவை என்னிடம் கேட்டதுண்டு. பௌதிகத்திலும் இரசாயனத்திலும் புதியன காண்பதற்குச் சோதனைச்சாலைகள் உள்ளன. கணிதமோ என்றோ முற்றுப்பெற்ற கலை என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை வரலாறே தக்க சான்றாகும்.

அவ்வரலாற்றின் முதல் ஏடு, துறை ஒன்று தோன்றுவதற்கு முன்பே எழுதப்பெற்றது. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர், பட்டம் இல்லாதவர். அடுத்த ஆண்டு சனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டியின் பாராட்டும், சென்னைக்கு வந்திருந்த வாக்கர் என்னும் அறிஞரின் பரிந்துரையும் பல்கலைக்கழகத்தை எட்டின. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே ஆராய்ச்சி உதவித்தொகை என்பது விதி. எனினும் ஆராய்ச்சியை வளர்ப்பதற்கே பல்கலைக்கழகம் உள்ளது என்ற கருத்து விதியினை வென்றது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. மூன்று திங்களுக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1914-ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் இராமானுஜன் அளித்த மூன்று அறிக்கைகளும் இன்றும் அறிஞரால் ஆராயப்படுகின்றன. அவருடைய குறிப்பேடுகளையும் அப்பல்கலைக்கழக நூலகம் பாதுகாத்து வருகின்றது. விதியைக் காப்பதா, அறிவைக் காப்பதா என்ற நெருக்கடியில் அன்றைய சான்றோர் எடுத்த முடிவு நம் நாட்டிற்கே நன்மையாயிற்று.

1927-ஆம் ஆண்டு வைத்தியநாதசுவாமி பல்கலைக்கழகத்தின் கணித ஆராய்ச்சிப் பொறுப்பினை ஏற்றார். அவருடைய ஆராய்ச்சிகளுள் ஒன்றனை நீங்களே எளிதில் உணரலாம். 4 என்னும் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 4 என மூன்று. 9-ஐ வகுப்பன 1, 3, 9 என மூன்று. இவ்விரண்டையும் பெருக்கிவரும் 36-ஐ வகுப்பன எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், மும்மூன்று ஒன்பது! பொதுவான வகுஎண் 1-ஐத் தவிர வேறில்லாத எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் இவ்வுண்மை மாறாது. இத்தகைய பண்புடைய சார்புகளுக்குப் பெருக்கற் சார்புகள் என்று பெயர். அவற்றைப் பற்றி 1931-இல் அவர் வெளியிட்ட விரிவான கட்டுரை இன்றளவும் மதிக்கப்படுகின்றது.

1950-ஆம் ஆண்டில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் சென்னையில் இராமானுஜன் கணித நிலையம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் விஜயராகவன், ஹார்டியிடம் பயின்றவர். இங்கு வருவதற்கு முன்பே அவர் புகழ் பெற்றிருந்த ஆராய்ச்சி, எண்களின் அடுக்குகளைப் பற்றியது.

தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் வர்க்கமூலத்தோடு 1-ஐக் கூட்டினால் ஏறத்தாழ 2.414 வரும். இதன் அடுக்குகளைக் கணக்கிட்டால் 5.828, 14.071, 33.971, 82.012, 197.995 என்று கிடைக்கும். ஒவ்வொன்றும் 6, 14, 34, 82, 198 என்னும் முழு எண்களை மேன்மேலும் நெருங்குவதைக் காண்கிறீர்கள் அல்லவா? காரணம் இதுதான். இவ்வெண்ணுக்கு ஓர் இணை உண்டு. அது 1-லிருந்து அதே வர்க்கமூலத்தைக் கழித்தால் வருவது. இரண்டின் ஒத்த அடுக்குகளையும் கூட்டினால் மூலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, முழு எண்ணே எஞ்சும். இணையெண்ணின் அளவு 0.414 ஆதலால் அதன் அடுக்குகள் தேய்ந்து தேய்ந்து மறைகின்றன. எனவே முதல் எண்ணின் அடுக்கு முழு எண்ணை அணுகுகின்றது. இவ்வகை எண்களைப் பிரெஞ்சு அறிஞர் பிசோவும் நம் விஜயராகவனும் தனித்தனியே ஆராய்ந்தமையால், பிசோ–விஜயராகவன் எண்கள் என்று உலகம் அழைக்கின்றது.

இனி, 1.5 என்னும் எளிய எண்ணை எடுத்துக்கொள்வோம். 2.25, 3.375, 5.0625 என்று அதன் அடுக்குகள் வளரும்போது, முழுஎண்ணை நீக்கி எஞ்சும் பின்னப்பகுதிகள் 0-க்கும் 1-க்கும் இடையே சீராகப் பரவுகின்றனவா? அவை எண்ணற்ற இடங்களைச் சுற்றிக் குவிகின்றன என்று விஜயராகவன் நிறுவினார். ஆனால் சீராகப் பரவுகின்றனவா என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. கடைவீதியில் சிறுவனும் அறிந்த ஒன்றரை என்னும் எண்ணிலேயே இத்துணை மறைபொருள் இருக்குமாயின், ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று எவ்வாறு கேட்பது?

விஜயராகவன் 1955-இலும், அழகப்பர் 1957-இலும் மறைந்தனர். பொருளின்றி நிலையம் மூடப்படுமோ என்ற கவலை எழுந்தது. வானியல் அறிஞர் சந்திரசேகர் இதனைப் பிரதமர் நேருவின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். 1957-இல் பல்கலைக்கழகம் நிலையத்தை ஏற்றுக்கொண்டது. விஜயராகவனுக்குப் பின் இயக்குநரான இராஜகோபால், பகுப்பாய்வுக் கணிதத்தோடு அமையாமல், கேரளத்துப் பழஞ்சுவடிகளையும் ஆராய்ந்தார். ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட முடிவிலாத் தொடர்களைப் பதினான்காம் நூற்றாண்டின் மாதவரும் அவர் வழிவந்தோரும் முன்னரே அறிந்திருந்தனர் என்பதை உலகுக்கு விளக்கியவர்களுள் அவர் ஒருவர். 1967-இல் பல்கலைக்கழகக் கணிதத் துறையும் நிலையமும் ஒன்றாகி, உயர் ஆய்வு நிலையமாயின.

மாணவர்களே! இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. கணித ஆராய்ச்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஓய்ந்து சிந்திக்க ஓர் இடமும், நூலகமும், வயிற்றுக்கவலையின்றி வாழச் சிறிது பொருளும் வேண்டும். இவற்றைத் தருவது பல்கலைக்கழகத்தின் கடன். விடை தெரிந்த கணக்குகளோடு மனநிறைவு கொள்ளாமல், விடை தெரியாதவற்றையும் துணிந்து கேட்பது உங்கள் கடன். 1.5-இன் அடுக்குகள் இன்னும் விடைக்குக் காத்திருக்கின்றன.