விளம்பரத்தில் நம் முகம்

பதுளை நகரில் விளையாட்டு உடுப்பும் சப்பாத்தும் விற்கும் கடைகளின் முகப்பில் பெரிய படங்களைப் பார்த்திருப்போம். அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற வீரர்கள். இல்லாவிட்டால், படத்துக்கு நிற்பதையே தொழிலாகக் கொண்ட மொடல்கள். இப்பொழுது மூன்றாவது ஒரு வகையும் வந்துள்ளது. வேலைக்குப் போகுமுன் ஓடும் தாய், உடல் பருத்த சிறுவன், வியர்வை வழியும் முதியவர் என்று சாதாரண மனிதரைக் காட்டியே பொருள் விற்கிறார்கள். இது ஏன்? இதனால் யாருக்கு நன்மை? இடம்பெயர்ந்து வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இவற்றை ஆராய்வோம்.

கம்பனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன?

2012இல் லண்டனில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்கு அதிகாரபூர்வ அனுசரணை வழங்கிய விளையாட்டு உடுப்புக் கம்பனி அடிடாஸ். அதன் போட்டிக் கம்பனியான நைக்கி வேறு வழி தேடியது. உலகில் லண்டன் என்ற பெயருடைய ஊர்கள் பல உண்டு. அவ்வூர்களில் சாதாரண மக்கள் விளையாடுவதை அது படம் பிடித்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள லண்டனில், 12 வயதுப் பருத்த சிறுவன் ஒருவன் வெறிச்சோடிய தெருவில் மூச்சிரைக்க ஓடிவரும் காட்சி பலராலும் பேசப்பட்டது.

2015 ஜனவரியில் இங்கிலாந்தின் அரச விளையாட்டு அமைப்பு ஒன்று, ‘இந்தப் பெண்ணால் முடியும்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. 14 முதல் 40 வயது வரையானவர்களில், ஒழுங்காக விளையாடும் பெண்கள் ஆண்களைவிட 20 இலட்சம் பேர் குறைவு என்று அந்த அமைப்பு கண்டிருந்தது. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயமே இதற்குப் பெரிய காரணம். ஆகவே மொடல்களை விட்டுவிட்டு, வியர்த்துக் களைத்து விளையாடும் சாதாரணப் பெண்களையே காட்டினார்கள். பார்த்த பெண்கள் பலர் துணிந்து வெளியே வந்தார்கள்.

இதில் இரண்டு காரணங்கள் உள்ளன. தன்னைப் போன்ற ஒருவரைக் கண்டால் மனிதர் நம்புவர் என்பது ஒன்று. புகழ்பெற்றவருக்குக் கொடுக்க வேண்டிய பெருந்தொகை மிச்சம் என்பது மற்றது. முதலாவதால் பார்ப்பவருக்கும் நன்மை கிடைக்கலாம். இரண்டாவதால் இலாபம் கம்பனிக்கே.

மலையகத்துக்கு இது புதிதல்ல

ஊவா மக்கள் இதை நூறு வருடத்துக்கு முன்பே கண்டுவிட்டார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். ‘தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு’ என்பது அவருடைய விளம்பர வாசகம். அதை மக்கள் நம்புவதற்குக் கொழுந்துக் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் உதவியது. விளம்பரத்தில் பெயர் இருந்தது லிப்டனுக்கு; அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதையோ, அதைப் பறித்தவர் எத்தகைய லயத்தில் வாழ்ந்தார் என்பதையோ அந்தப் படம் சொல்லவில்லை.

விளையாட்டு உடுப்பிலும் இதே நிலைதான். வெளிநாட்டுக் கம்பனிகளின் விளையாட்டு உடுப்புகள் பல இலங்கை ஆடைத் தொழிற்சாலைகளிலேயே தைக்கப்படுகின்றன. தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போகிறார்கள். உடுத்தி ஓடுபவரைப் படத்தில் காண்கிறோம், தைத்தவரைக் காண்பதில்லை.

இடம்பெயர்ந்த ஒரு தாயின் படம்

1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பங்கள் பயிர் உறைபனியில் அழிந்ததால் பட்டினி கிடந்தன. அங்கே 32 வயதுத் தாய் ஒருவரையும் அவருடைய பிள்ளைகளையும் டொரோதியா லாங் என்பவர் அரசாங்கத்துக்காகப் படம் பிடித்தார். தாயின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. உணவு வந்தபோது அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது.

அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978இல்தான் பலருக்கும் தெரியவந்தது. படத்தால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். 1983இல் அவர் நோயுற்றபோது, வைத்தியச் செலவுக்காகப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. அவர் இறந்த பின், 1998இல், அதே படத்தை அமெரிக்கா தபால் முத்திரையாக வெளியிட்டது.

நம்மிடம் படம் பிடிக்க வந்தால்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது கமராக்களும் வந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைத் தாக்கிய போதும் அப்படியே. உண்மையை உலகம் அறியப் படங்கள் தேவை. ஆனால் செய்திக்கு எடுத்த படம் வேறு. பொருள் விற்கவோ நிதி திரட்டவோ எடுத்த படம் வேறு. ஆகவே படம் பிடிக்க வருபவரிடம் பின்வருவனவற்றைக் கேட்போம்:

1. நீங்கள் யார்? எந்தக் கம்பனிக்காக அல்லது நிறுவனத்துக்காக எடுக்கிறீர்கள்?

2. படம் எங்கே, எவ்வளவு காலம் வெளிவரும்?

3. படத்தின் கீழ் என்ன எழுதுவீர்கள்? எங்கள் பெயரைப் போடுவீர்களா?

4. விளம்பரம் என்றால் எவ்வளவு பணம் தருவீர்கள்? இழந்த நாட்சம்பளத்தை யார் தருவது?

5. கையெழுத்துக் கேட்கும் பத்திரம் தமிழில் உள்ளதா? பிரதி ஒன்று எங்களுக்குக் கிடைக்குமா?

பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோர் இருவரும் கலந்து பேசி முடிவு செய்வது நல்லது. படத்துக்கு மறுத்தால் நிவாரணப் பொதி கிடைக்காது என்று எவரும் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் கிராம சேவையாளரிடமோ பிரதேச செயலகத்திலோ முறையிடலாம். சம்மதிப்பதும் தவறல்ல. வெறுங்காலோடு ஓடி வெற்றி பெறும் தோட்டப் பாடசாலைச் சிறுமியின் படம் சுவரொட்டியில் வந்தால், வேறு நூறு சிறுமிகளுக்குத் துணிவு பிறக்கும். அவள் பெயரோடும், உரிய பணத்தோடும் அது வரவேண்டும்.

கெப்பெட்டிப்பொல சந்தையில் விலை பேசாமல் நாம் மரக்கறி மூட்டையை இறக்குவதில்லை. நம் முகத்தைக் கேட்டு வருபவரிடமும் முதலில் பேசிக்கொள்வோம்.