குளத்தங்கரைப் பலகை: பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

நீச்சல்குளம் ஓட்டல்காரர்களின் சமாச்சாரம் என்றிருந்த காலம் திருச்சியிலும் மாறிவருகிறது. அடுக்ககங்களில் குளம் வருகிறது; கரையைச் சுற்றி மரப்பலகைத் தளமும் வருகிறது. வீட்டுக் கதவுக்கு மரம் பார்க்கும் அதே கண்ணோடு இதற்கும் பார்ப்பதில்தான் நஷ்டம் தொடங்குகிறது. கோயில் தேர்கூட ஓடாத நாட்களில் கூரைக்குள் நிற்கும். குளத்தங்கரைப் பலகைக்கு அந்தச் சலுகை இல்லை. கோடையில் 40 டிகிரி வெயில், ஐப்பசியில் அடைமழை, நடுவில் தினமும் குளோரின் தண்ணீர். நனைந்து நனைந்து காயும் மரம் பிளக்கும், சிம்பு கிளம்பும், கடைசியில் உளுக்கும். அதன்மேல் நடப்பதோ செருப்பில்லாத கால்கள்.

பெயரைவிட வைரம் முக்கியம்

"தேக்கு சார்" என்று கடைக்காரர் சொன்னால் பேச்சு முடிந்துவிடவில்லை. தண்ணீரையும் கரையானையும் தாங்குவது தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான். அதில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சுற்றியுள்ள வெளிர்நிற வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பலம் கிடையாது. இளம் தோட்டத்துத் தேக்கில் வெள்ளை அதிகம். சாயம் ஏற்றிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே பாலிஷ் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பாருங்கள்.

வேங்கையின் வைரமும் நீடித்து உழைக்கும். ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும், கரைக் கல்லில் கறை படியும். ரப்பர் மரம், மாமரம், பதப்படுத்தாத பைன் ஆகியவை மலிவு என்றாலும் திறந்தவெளிக்கு ஆகாது.

மருந்தேற்றிய பைன் என்றால் என்ன மருந்து என்று கேளுங்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த சி.சி.ஏ. மருந்தேற்றிய மரத்தை வீட்டு உபயோகத்துக்குத் தயாரிப்பதை அமெரிக்க நிறுவனங்கள் 2003 இறுதியோடு நிறுத்திக்கொண்டன. குழந்தைகள் புழங்கும் இடத்தில் அது வேண்டாம். அதன் துண்டுகளை அடுப்பில் போடவே கூடாது. சாம்பலில் ஆர்சனிக் தங்கும்.

பிரேசில் பக்கத்து இபே, குமாரு மரங்கள் இரும்பு மாதிரி உழைக்கும். 2024 நவம்பர் 25 முதல் இவை சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. முறையான இறக்குமதி ஆவணம் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

டபிள்யூ.பி.சி. எனும் பிளாஸ்டிக் கலப்புப் பலகையைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் வெயிலில் நன்றாகச் சுடும். மாதிரித் துண்டை மொட்டை மாடியில் போட்டு, மதியம் ஒரு மணிக்கு வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேலே தேக்கு, கீழே என்ன?

பெரும்பாலும் தளம் கெடுவது கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டத்தில்தான். மேலே நல்ல பலகை, கீழே ஏதோ ஒரு ரீப்பர் என்றால் முதலில் போவது ரீப்பர். அடியில் காற்றோட்டம், தண்ணீர் வடியச் சரிவு, பலகைக்கும் பலகைக்கும் நடுவே 5 மி.மீ. அளவு இடைவெளி, அறுத்த முனைகளில் பூச்சு ஆகியவை வேண்டும். ஸ்க்ரூ 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், ஜி.ஐ. ஸ்க்ரூவைக் குளோரின் தண்ணீர் அரித்துவிடும். தளத்தின் அடியில் மின்விளக்குக் கம்பி ஓடினால், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இணைப்பு கொடுக்க விடாதீர்கள்.

ஏமாந்தால் என்ன வழி?

சொன்ன மரம் ஒன்று, போட்ட மரம் வேறு என்றால் அது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். நிரூபிக்க உங்களிடம் காகிதம் வேண்டும். பில்லில் வெறும் 'மரம்' என்று இருந்தால் வழக்கு நொண்டும். மரத்தின் பெயர், வைரப் பகுதி மட்டும் என்ற உறுதி, பருமன், அடிச்சட்ட மரம், ஸ்க்ரூ தரம், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பலகை அறுத்த மிச்சத்தில் ஒரு துண்டை, ஆசாரி அள்ளிப்போவதற்கு முன் எடுத்து வையுங்கள். அது என்ன மரம் என்று பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் சோதித்துச் சொல்லும்.

முதலில் எழுத்துமூலம் விற்றவருக்குத் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். விற்றவர் வெளியூர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். லாப நோக்கில் நடத்தும் விடுதிக்காக வாங்கியிருந்தால் மட்டும் இந்த வழி பொதுவாகத் திறக்காது. ஒப்பந்தத்தை வைத்து சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

அடுக்ககத்தில் பில்டர் போட்ட தளம் என்றால் இன்னொரு கதவு உண்டு. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்தில் குறை இருப்பதாகச் சொன்னால், பில்டர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சங்கக் கூட்டத்தில் புலம்புவதோடு நிற்காமல், தேதி போட்டுக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரி சேர்த்துவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்: கடைசித் தவணை, ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்து தளத்தைச் சோதித்த பிறகே. தன் மரத்தின்மேல் நம்பிக்கை உள்ளவர் அதற்குக் கையெழுத்துப் போடுவார்.