பித்தளை இறுகுவது ஏன்?

பஞ்சாபில் அமிர்தசரஸை அடுத்த ஜண்டியாலா குருவில் கன்னார் பித்தளைத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்வதை நேயர்களுள் சிலர் கண்டிருக்கலாம். தட்டத் தட்டத் தகடு இறுகுகிறது, ஏன்?

உலோகம் நுண்ணிய மணிகளின் தொகுதி. மணிதோறும் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவ்வணியில் உள்ள பிறழ்ச்சிகள் நகர்வதாலேயே உலோகம் வளைகிறது. 1934-இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே எடுத்துரைத்த உண்மை இது. அடிக்க அடிக்கப் பிறழ்ச்சிகள் பெருகி, ஒன்றையொன்று மறித்துச் சிக்குண்கின்றன; மணிகளின் எல்லைகளும் அவற்றைத் தடுக்கின்றன. செம்பில் அவை தடம் மாறி விலகிச் செல்லும். துத்தநாகம் கலந்த பித்தளையில் அவ்வழி அரிது. ஆகவே பித்தளை மிகுதியாக இறுகுகிறது.

இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும்; பட்ட பாடெல்லாம் வீணாகும். ஆதலால் இடையிடையே தீயிலிட்டுக் காய்ச்சுகின்றனர். புதிய மணிகள் தோன்றி மென்மை மீள்கிறது. காய்ச்சுதல் மிஞ்சினாலோ மணிகள் பருத்து வலிமை குன்றும். சுத்தியலுக்கும் அளவுண்டு, நெருப்புக்கும் அளவுண்டு.