நடுக்கடல்ல இன்ஜின் நின்னுடுச்சா... முதல்ல எரிபொருளைப் பாருங்க!

பைக் நடுரோட்டுல நின்னா ஓரமா தள்ளிட்டுப் போய் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். படகு நடுக்கடல்ல நின்னா? காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம்தான் போகணும். பாக் நீரிணைப் பக்கம் சிக்கல் இன்னும் அதிகம். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் வகுத்த கடல் எல்லை அங்கே ரொம்ப தூரத்துல இல்லை. பழுதாகி மிதந்துபோற படகும் எல்லை தாண்டிடலாம்.

இப்படி நிற்கிற பல நேரங்கள்ல இன்ஜினுக்குள்ள பெரிய கோளாறு எதுவும் இருக்காது. எரிபொருள் சரியா வந்து சேர்ந்திருக்காது. இல்லைன்னா, எரிபொருளுக்குப் பதிலா தண்ணி வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க, கண்ட இடத்துல ஸ்பேனர் வைக்காம, டேங்க்ல ஆரம்பிச்சு இன்ஜின் வரை வரிசையா பார்க்கணும். ஃபைபர் படகுல மாட்டுற அவுட்போர்டு இன்ஜினை வெச்சே பார்ப்போம்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஆழம் இடம் கொடுத்தா நங்கூரத்தைப் போட்டுடுங்க. பீடி, சிகரெட், லைட்டர் எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. படகோட அடியில போய்த் தேங்கி நிற்கும்.

1. டேங்க் மூடி

நல்லா ஓடிட்டு இருந்த இன்ஜின் கொஞ்ச நேரத்துல திணறி நிக்குதா? மூடியில இருக்கிற காற்றுத் திருகு திறந்திருக்கான்னு பாருங்க. அது மூடியிருந்தா, எரிபொருள் குறையக் குறைய டேங்க்குள்ள வெற்றிடம் உருவாகி, எரிபொருள் வெளியே வராது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்'ஸுனு காற்று உள்ளே போனா காரணம் இதுதான்.

2. ரப்பர் பல்பு

ஹோஸ் நடுவுல இருக்கிற கைப்பிடி அளவு ரப்பர் பல்புதான் உங்க டாக்டர். அதுல இருக்கிற அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்கணும்.

* எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகலைன்னா, எங்கேயோ காற்று உள்ளே வருது, இல்லைன்னா பல்போட வால்வு போயிடுச்சு. ஹோஸ்ல விரிசல் இருக்கா, இணைப்பு லூஸா இருக்கான்னு பாருங்க.
* ஓடும்போது பல்பு சப்பையா ஒட்டிக்கிட்டா, டேங்க் பக்கம் அடைப்பு.
* கெட்டியாகியும் ஸ்டார்ட் ஆகலைன்னா, ஃபில்டர், கார்புரேட்டர் பக்கம் போங்க.
* அழுத்திக்கிட்டே இருந்தாத்தான் ஓடுதுன்னா, இன்ஜின்ல இருக்கிற பியூவல் பம்ப் மேல சந்தேகப்படலாம்.

3. தண்ணி

டேங்க்கோட அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு, அசைக்காம வைங்க. பெட்ரோல் லேசானது, தண்ணி அடியில தங்கும். ரெண்டு அடுக்கா தெரிஞ்சா விஷயம் புரிஞ்சுடும்.

இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20% வரை எத்தனால் இருக்கு. எத்தனால் தண்ணியை இழுத்து வெச்சுக்கும். ஓர் அளவைத் தாண்டினா தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு அடியில இறங்கிடும். டேங்க்ல உறிஞ்சுற குழாயும் அடியிலதான் இருக்கு! மேல புது பெட்ரோல் ஊத்தினா சரியாகாது. பழசை முழுசா வடிக்கணும். அதுக்காக ஹோஸை வாயில வெச்சு உறிஞ்சாதீங்க. எரிபொருள் நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து.

4. ஃபில்டரும் கார்புரேட்டரும்

கரையில ஜம்முனு ஓடுற இன்ஜின் அலையில மட்டும் ஏன் மக்கர் பண்ணுது? டேங்க் அடியில அமைதியா கிடந்த கசடும் தண்ணியும், படகு ஆடும்போது கலங்கி ஃபில்டரை அடைக்குது. அதனால ஸ்பேர் ஃபில்டர் எப்பவும் படகுல இருக்கணும். மாசக்கணக்குல நிறுத்தி வெச்சா, கார்புரேட்டர்ல தங்கின பெட்ரோல் பிசினாகி சின்ன ஓட்டைகளை அடைச்சுடும். நிறுத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, இன்ஜினோட அடிப்பகுதியைத் தண்ணி நிறைஞ்ச டிரம்ல இறக்கி, ஹோஸைக் கழட்டிட்டு, இருக்கிற பெட்ரோல் தீரும்வரை ஓட விடுங்க.

மண்ணெண்ணெய்ல ஓடுற இன்ஜின்னா, நிறுத்துறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி பெட்ரோலுக்கு மாத்திடுங்க. இல்லைன்னா கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த தடவை ஆறிப்போன இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

டீசல் படகுன்னா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகுகள் கரையில நிக்கும். அந்த நாள்கள்ல பாதி காலியான டேங்க்ல ஈரக்காற்று குளிர்ந்து தண்ணியா இறங்கும். கிளம்புறதுக்கு முன்னாடி வாட்டர் செபரேட்டரோட அடித் திருகைத் திறந்து வடிச்சுடுங்க. டேங்க் காலியாகி நின்னாலோ, ஃபில்டர் மாத்தினாலோ பைப்ல காற்று அடைச்சுக்கும். ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூவை லூஸாக்கி, கைப்பம்பை அடிச்சு, குமிழி நின்னு டீசல் மட்டும் வர்றப்போ இறுக்குங்க.

இவ்வளவு பார்த்தும் ஓடலைன்னா, இருட்டுற வரைக்கும் போராட வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுட்டு உதவி கேளுங்க. சிக்னல் இருந்தா கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸுக்கு 1093. சிக்னல் இல்லைன்னா வி.ஹெச்.எஃப் 16-வது சேனல். ஜி.பி.எஸ் காட்டுற இடத்தை முதல்ல சொல்லுங்க. இன்ஜின் கதையை அப்புறம் சொல்லிக்கலாம்.