முதலுதவிப் பெட்டி

முதலுதவிப் பெட்டி என்பது காயமுற்றவருக்கோ திடீரென நோய்வாய்ப்பட்டவருக்கோ மருத்துவரின் உதவி கிடைக்கும் வரை உதவுவதற்கான பொருட்களை ஒருங்கே கொண்ட பெட்டி அல்லது பை ஆகும். இது வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து வேறுபட்டது. அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளை இதனுள் நிரப்பினால், அவசரத்தில் தேவைப்படும் கட்டுத்துணி அவற்றின் அடியில் மறைந்துவிடும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு வெகு தொலைவில் பணியாற்றிய இருப்புப்பாதைத் தொழிலாளர்களுக்காக, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1888ஆம் ஆண்டில் இத்தகைய பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒன்று எனும் அளவிலாவது பெட்டிகள் இருக்க வேண்டும் என விதித்தது.

பச்சை நிறப் பின்னணியில் வெண்சிலுவை இதன் பன்னாட்டு அடையாளமாகும். பலரும் வரையும் செஞ்சிலுவைச் சின்னம், செனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்டது, பொதுப் பயன்பாட்டுக்குரியதன்று.

உள்ளடக்கம்

குருதிப்பெருக்கை நிறுத்தும் பொருட்களே முதன்மையானவை: கிருமி நீக்கப்பட்ட காயத்துணிகள், சுருள் கட்டுத்துணி, ஒட்டுநாடா, பிளாஸ்திரி. முக்கோணக் கட்டுத்துணி கையைத் தொங்கவிடவும், முறிந்த உறுப்பை அசையாது கட்டவும் பயன்படும். இவற்றுடன் கையுறை, கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, ஊக்குகள், எண்ணிம வெப்பமானி ஆகியனவும் தேவை. பஞ்சைத் திறந்த காயத்தின் மீது நேரடியாக வைத்தல் கூடாது. அதன் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியில் இருக்கக் கூடாதவற்றை அறிவதும் அவ்வளவே இன்றியமையாதது. பாம்புக்கடிக்கெனச் சவர அலகும் இறுக்கிக் கட்டும் கயிறும் வைத்திருப்பது பழைய வழக்கம். கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு விளைவிப்பன. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதே முறை. தீப்புண்ணுக்கு மை, பற்பசை முதலியவற்றைப் பூசுவதும் தவறாகும். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்; பனிக்கட்டி வேண்டாம்.

மருந்துகளுள் பாராசிட்டமாலும் வாய்வழி நீரேற்றக் கரைசல் பொதியும் போதுமானவை. இப்பொதிகள் 1 லிட்டர், 200 மில்லிலிட்டர் என இருவகை நீரளவுகளுக்கு விற்கப்படுகின்றன. உறையில் குறித்துள்ள அளவு நீரில் முழுப் பொதியையும் கரைக்க வேண்டும். பெரிய பொதியை ஒரு குவளை நீரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு விளையலாம். கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். சிறுவர்களுக்கு மருத்துவர் கூறாமல் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது.

பயணத்தின்போது

பயணப் பெட்டி சிறியதாக இருப்பினும், வழக்கமான மருந்துகள் பயண நாட்களுக்குச் சற்று மிகுதியாகவும் மருத்துவரின் சீட்டுடனும் இருத்தல் வேண்டும். வானூர்தியில் கத்தரிக்கோலைச் சரக்குப் பெட்டியில் வைப்பது நன்று. இன்சுலினையோ கையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கறையின் குளிரில் அது உறைந்தால் பயனற்றதாகும். வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் வெப்பம் மருந்துகளையும் பிளாஸ்திரியின் பசையையும் கெடுக்கும்.

பராமரிப்பு

குளியலறையின் ஈரமும் அடுப்பின் வெப்பமும் படாத, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை வைக்கலாம், பூட்டுதல் கூடாது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை காலாவதி நாட்களைப் பார்த்து, உறை கிழிந்த காயத்துணிகளை நீக்குவது நல்லது. மூடியின் உட்புறத்தில் வீட்டாரின் ஒவ்வாமைகளையும் அவசர ஊர்தி எண்ணையும் (தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990) எழுதி ஒட்டலாம்.